பெரியம்மாவும் சோதனை எலியும்

2021-ல் கொரோனா தடுப்பூசி வந்த புதிதில் என் பெரியம்மா ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தார். "சரியா சோதிக்காமலே கொண்டாந்துட்டாங்கடா" என்பது அவர் கட்சி. மூன்று வருடம் கழித்து, அவர் சர்க்கரைக்குக் காட்டும் மருத்துவமனையில் ஒரு புது மாத்திரையின் சோதனையில் சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். அன்று ராத்திரியே எனக்குப் போன். "என்னைய எலியாக்கப் பாக்குறாங்கடா. மனுசங்கள வெச்சா சோதிப்பாங்க?"

சோதிக்காத மருந்தும் ஆகாது, சோதனையும் ஆகாது. பிறகு மருந்து எங்கிருந்து வரும் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டு பயத்திலும் நியாயம் இருக்கிறது. கோவேக்சினுக்கு 2021 ஜனவரி 3 அன்று அவசர அனுமதி கொடுத்தபோது அதன் மூன்றாம் கட்டச் சோதனை முடிவுகள் வந்திருக்கவில்லை. மனிதர்களை எலியைவிடக் கேவலமாக நடத்திய சோதனைகளும் சரித்திரத்தில் உண்டு. ஆனால் சோதனை என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது என்பதைப் பெரியம்மாவுக்கு யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. நமக்கும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஒரே சொல், மூன்று வேலை

முதல் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. "ரத்தப் பரிசோதனை எடுத்துட்டு வாங்க" என்கிறார் டாக்டர். அது உங்கள் உடம்பைச் சோதிப்பது. தொழிற்சாலையிலிருந்து வரும் ஒவ்வொரு தொகுதி மருந்திலும் சேர வேண்டியது சேர்ந்திருக்கிறதா, சேரக் கூடாதது கலந்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பது தரப் பரிசோதனை. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்களே, அங்கே கோட்டை விட்டது இந்த இரண்டாவதில். டைஎதிலீன் கிளைகால் என்ற நச்சு மருந்தில் கலந்திருந்தது.

இந்தக் கட்டுரை பேசுவது மூன்றாவதை. ஒரு புது மருந்து உண்மையிலேயே நோயைக் குணப்படுத்துகிறதா, கெடுதல் எவ்வளவு செய்கிறது என்று மனிதர்களிடம் முறைப்படி பார்ப்பது. இதற்குத்தான் கிளினிக்கல் டிரையல் என்று பெயர். இனி வெறுமனே சோதனை என்றே சொல்கிறேன்.

"எனக்குச் சரியாச்சே!"

சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளில் போகும் என்பார்கள். மருத்துவ ஆராய்ச்சியின் முதல் பாடம் இந்தக் கிண்டலில் இருக்கிறது. பல நோய்களை உடம்பு தானே சரிசெய்துகொள்ளும். அசுத்தமான தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அநேகம் பேருக்குச் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் நீங்கள் எதைச் சாப்பிட்டீர்களோ அது பெயரைத் தட்டிக்கொண்டு போகும்.

இன்னொன்றும் உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். உச்சத்தில் இருப்பது அதற்குப் பிறகு இறங்கத்தான் செய்யும். மூன்றாவது, நம்பிக்கை. "அவர் கைராசிக்காரர்" என்று சொல்லி ஒரே மாத்திரைக்காகப் பக்கத்துத் தெரு டாக்டரை விட்டுப் பத்து கிலோமீட்டர் போகிறவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். அந்தக் கைராசி வலியை உண்மையாகவே கொஞ்சம் குறைக்கும். நான்காவதை யாரும் பேசுவதில்லை: குணமானவர் ஊரெல்லாம் சொல்வார், குணமாகாமல் செத்தவர் வந்து சாட்சி சொல்ல முடியாது.

ஆக "நான் சாப்பிட்டேன், சரியானது" என்பதில் பொய் எதுவும் இல்லை. மருந்தால்தான் சரியானதா என்பதற்கு அதில் பதில் இல்லை, அவ்வளவுதான்.

வாய்க்கால் ஓரத்து வயல்

புது ரக நெல் வாங்கி வந்த விவசாயி என்ன செய்வார்? மொத்த நிலத்திலும் போட்டுவிட மாட்டார். பாதியில் பழையது, பாதியில் புதியது. அறுவடையில் இரண்டையும் அளந்து பார்ப்பார். புதுசு மட்டும் போட்டு நன்றாக விளைந்தால், அது விதையாலா அந்த வருட மழையாலா என்று எப்படிச் சொல்வது? அந்தப் பழைய பாதிக்கு மருத்துவத்தில் ஒப்பீட்டுக் குழு என்று பெயர்.

1747-ல் பிரிட்டிஷ் கடற்படையின் சாலிஸ்பரி கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் செய்தது இதைத்தான். ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர், இன்னொன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம், அடுத்ததற்குப் பூண்டும் கடுகும் சேர்த்த ஒரு லேகியம், கடைசி ஜோடிக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பியிருந்தார், மற்றவர் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறியிருந்தார். இவ்வளவு தெளிவான விடை கிடைத்தும், கடற்படை எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க 1795 வரை ஆனது. கடல் தண்ணீர் குடித்த ஜோடியை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பாதிப் பாதியாகப் பிரிப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. புது நெல்லை வாய்க்கால் ஓரத்திலும் பழையதை மேட்டிலும் போட்டால்? எந்தப் பாத்திக்கு எது என்பதை மனுஷன் முடிவு செய்யும்வரை இந்தச் சந்தேகம் போகாது. மருத்துவரும் மனுஷன்தான். தெம்பாக இருக்கும் நோயாளிக்குப் புது மருந்தும், படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பழையதும் தன்னையறியாமல் கொடுத்துவிடுவார். 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ரொனால்டு ஃபிஷர் இதற்கு வழி சொன்னார்: எந்தப் பாத்திக்கு எது என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிடு. வயலுக்கு வந்த யோசனை பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனது.

குலுக்குச்சீட்டு போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. சீட்டை எடுக்க, பெயர் படிக்கத் தெரியாத சின்னக் குழந்தையைக் கூப்பிடுவோம். உத்திரமேரூர் கல்வெட்டு சொல்லும் குடவோலையிலும் ஓலை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன்தான். எடுக்கிற கைக்கு விருப்பு வெறுப்பு இருக்கக் கூடாது. இதுதான் குலுக்கல்முறை ஒதுக்கீடு. நூற்றுக்கணக்கான பேரைக் குலுக்கிப் பிரித்தால் வயது, வறுமை, நோயின் தீவிரம், நமக்குத் தெரியாத இன்னும் எத்தனையோ சங்கதிகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும். மிச்சமிருக்கும் பெரிய வித்தியாசம் மருந்து ஒன்றுதான்.

யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது

கைராசி விஷயம் இன்னும் பாக்கி. தனக்குப் புது மருந்து கிடைத்தது என்று தெரிந்தாலே பாதி பேருக்குத் தெம்பு வந்துவிடும். அதனால் ஒப்பீட்டுக் குழுவுக்குப் பார்க்க, ருசிக்க அதே மாதிரி இருக்கும், உள்ளே மருந்தில்லாத மாத்திரை கொடுப்பதுண்டு. இது மருந்துப்போலி, ஆஸ்பத்திரியில் பிளாசிபோ என்பார்கள். கள்ளச் சந்தையில் விற்கும் போலி மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நோயாளிக்கும் தெரியாமல், அவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாமல், ரகசியக் குறியீடு மட்டும் மூன்றாவது ஒருவரிடம் இருப்பது இருபுற மறைப்பு.

எதை அளப்பது என்பதிலும் ஏமாறலாம். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயம் அவ்வப்போது தாளம் தப்பித் துடிக்கும். அதை அடக்கும் மாத்திரைகள் 1980-களில் அமெரிக்காவில் தாராளமாகப் புழக்கத்தில் இருந்தன. இசிஜியில் கோடு சீராகிவிடும். டாக்டருக்கும் திருப்தி, நோயாளிக்கும் திருப்தி. பிறகுதான் முறையாகச் சோதித்தார்கள். 1991-ல் வெளியான முடிவில், மாத்திரை சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். மருந்துப்போலி சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26. கோட்டைச் சீராக்கிய மாத்திரை ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. தன் நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்க்கும் எந்த டாக்டராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மாரடைப்பு வந்தவர் இறந்தால் "பாவம், நோய் முற்றிவிட்டது" என்றுதானே நினைப்பார்?

இதுவரை வந்தது இவ்வளவு: ஒப்பிட இன்னொரு குழு வேண்டும், அதைக் குலுக்கலில் பிரிக்க வேண்டும், முடிந்தால் யாருக்கு எது என்பதை மறைக்க வேண்டும், காகிதத்தில் தெரியும் அழகை விட்டு நோயாளிக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும்.

கீழாநெல்லிக்கு என்ன ஆனது?

நம் ஊர்க் கதை ஒன்று. மஞ்சள் காமாலை என்றாலே நமக்குக் கீழாநெல்லிதான். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர் கேட்டது வேறு கேள்வி: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை வருஷக்கணக்கில் உடம்பில் சுமந்து திரிகிறவர்களுக்குக் கீழாநெல்லி உதவுமா? அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் கூட இருந்தார். கீழாநெல்லிப் பொடி 30 நாள் கொடுத்தார்கள். 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்துப்போலி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்.

உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். அந்த அதிசயம் திரும்ப வரவே இல்லை. செடியின் ரகம் வேறா, பறித்த பருவம் வேறா, ஆட்கள் வேறா என்றெல்லாம் விவாதம் நடந்தது.

இதை வைத்து "நாட்டு மருந்து சும்மா" என்று சொல்ல வருகிறவர்களும் "வெள்ளைக்காரன் சதி" என்று சொல்ல வருகிறவர்களும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கீழாநெல்லிக்கு நடந்ததுதான் எந்த மருந்துக்கும் நடக்க வேண்டியது. 60 பேரில் கிடைத்த முடிவு எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் தற்செயலுக்கு இடம் உண்டு. வேறு கை, வேறு ஊர், அதே விடை வருகிறதா என்று பார்க்கும்வரை அது பாதி விடைதான். பாட்டி வைத்தியமானாலும் பன்னாட்டுக் கம்பெனி மாத்திரையானாலும் படி ஒன்றே, அளப்பதும் ஒரே மாதிரிதான்.

படிப்படியாக ஏறுவது

புது மருந்தை எடுத்தவுடன் ஆயிரம் பேருக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் ஆய்வகக் குடுவை, பிறகு விலங்கு. நிஜமான எலிகள் இருப்பது இங்கேதான். அதைத் தாண்டினால் முதல் கட்டம்: சில பத்து பேர், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள், எவ்வளவு அளவுவரை உடம்பு தாங்கும் என்று பார்க்க. இரண்டாம் கட்டம்: நோயுள்ள சில நூறு பேர். மூன்றாம் கட்டம்: ஆயிரக்கணக்கானோர், குலுக்கலோடு. முதல் கட்டத்தில் நுழையும் பத்து மருந்தில் ஏறத்தாழ ஒன்றுதான் கடைக்கு வரும்.

விலங்கைத் தாண்டியதும் ஆபத்து முடிந்துவிடவில்லை. 2006 மார்ச் 13, லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். டிஜிஎன் 1412 என்ற மருந்தின் முதல் மனிதச் சோதனை. எட்டு இளைஞர்கள்; இருவருக்கு மருந்துப்போலி, ஆறு பேருக்கு மருந்து. விலங்குகள் தாங்கிய அளவில் 500-ல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏற்றிச் சுமார் பத்து நிமிஷத்தில் அடுத்தவர், அப்புறம் அடுத்தவர். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, நடுக்கம், வாந்தி. அந்த ராத்திரியே ஆறு பேரின் உள்ளுறுப்புகளும் ஒவ்வொன்றாகத் தடுமாற ஆரம்பித்தன. எல்லாரும் பிழைத்தார்கள், ஒருவருக்கு விரல் நுனிகள் போயின. முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டு ஒரு நாள் பொறுத்திருந்தால் ஐந்து பேர் தப்பியிருப்பார்கள். இன்று அப்படிப் பொறுப்பதுதான் வழக்கம்.

மூன்றாம் கட்டத்திலும் எல்லாம் தெரிந்துவிடாது. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவு கண்ணில் படும் என்று நம்ப வேண்டுமானால் சுமார் 3,000 பேருக்காவது கொடுத்திருக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவது மருந்து கடைக்கு வந்த பிறகுதான் தெரியும். அதற்காகத்தான் விற்பனைக்குப் பிறகான கண்காணிப்பு என்ற நான்காம் கட்டம்.

அவசரப்பட்டதன் விலைக்குத் தாலிடோமைடைத்தான் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக வந்தது. கர்ப்பிணிகள் மசக்கைக்குச் சாப்பிட்டார்கள். கை கால் வளராமல் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்த பிறகு, 1961 கடைசியில் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் அது கடைக்கு வரவில்லை. மருந்து அனுமதி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஃபிரான்சஸ் கெல்சி, "இந்த ஆதாரம் போதாது, இன்னும் கொண்டு வாருங்கள்" என்று கோப்பைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். கோப்பு நகராததற்காக ஒரு நாடு நன்றி சொன்னது அநேகமாக அந்த ஒரு முறைதான்.

தராசு முள் எங்கே நிற்கிறது?

இப்போது பெரியம்மாவின் இரண்டாவது கேள்வி. மனிதர்களை வைத்துச் சோதிக்க யாருக்கு என்ன உரிமை?

அமெரிக்காவின் அலபாமா மாநிலம், டஸ்கீகி. 1932-ல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 ஏழைக் கறுப்பின ஆண்களைச் சேர்த்துக்கொண்டது. 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய். அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "கெட்ட ரத்தம்" என்றார்கள். சிகிச்சை கொடுக்கிறோம் என்று நம்பவைத்து, சிகிச்சையே இல்லாமல் விட்டால் நோய் எப்படிப் போகும் என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். சாப்பாடு போட்டார்கள், அடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்தார்கள். 1940-களில் பென்சிலின் வந்து சிபிலிஸ் குணமாகும் நோயாகிவிட்டது. அப்போதும் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகையில் வெளியாகும்வரை, 40 வருடம். நாஜி மருத்துவர்களின் விசாரணைக்குப் பிறகு 1947-ல் எழுதப்பட்ட நியூரம்பெர்க் நெறியின் முதல் வாக்கியமே சம்பந்தப்பட்டவரின் சுயவிருப்பமான ஒப்புதல் கட்டாயம் என்பதுதான். அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு டஸ்கீகி ஓடியது.

டஸ்கீகியில் பொய் சொன்னது ஒரு குற்றம். அதைவிடப் பெரியது, விடை தெரிந்த பிறகும் கேள்வியை நிறுத்தாதது. ஒரு சோதனைக்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்றால், எது நல்லது என்று உண்மையாகவே தெரியாது என்பதிலிருந்து மட்டும்தான். தராசில் இரண்டு தட்டும் சமமாக, முள் நடுவில் நிற்க வேண்டும். விவரம் தெரிந்த மருத்துவர்களிடையே இதுவா அதுவா என்று நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கும்வரைதான் குலுக்கலுக்கு விடலாம். முள் சாய்ந்தது தெரிந்தால் நிறுத்தி, நல்லதை எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். சோதனை நடக்கும்போதே இதைக் கவனிக்கத் தனிக் குழு உண்டு. அதே காரணத்தால், நல்ல மருந்து ஏற்கெனவே இருக்கும் ஆபத்தான நோய்க்கு ஒப்பீட்டுக் குழுவை வெறும் மருந்துப்போலியோடு விட்டுவிடக் கூடாது. பழைய நல்ல மருந்தோடுதான் புதியதை மோதவிட வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. முள் நடுவில் நிற்கும்போது, தெரிந்த மாதிரி நடித்து எல்லாருக்கும் கொடுப்பது நல்லதா? 2021 மே மாதம் என் வாட்ஸ்அப் முழுக்க "ஏ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்" என்ற செய்திகள். கொரோனாவிலிருந்து மீண்டவர்களின் ரத்தத் திரவத்துக்காக ஜனங்கள் நடு ராத்திரியில் அலைந்தார்கள். நானும் நாலு பேருக்குப் போன் போட்டேன். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020-லேயே நாடு முழுக்க 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் அதைச் சோதித்திருந்தது. நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் பிளாஸ்மா பெற்ற பக்கம் 19 சதவீதம், பெறாத பக்கம் 18 சதவீதம். பயனில்லை என்ற அந்த முடிவு 2020 அக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தது 2021 மே மாதம். இடையில் எத்தனை குடும்பம் அலைந்ததோ.

சேத்துப்பட்டு

இதே முள்ளை நேர்மையாகப் பிடித்த கதை ஒன்று சென்னையில் இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

1950-களில் காசநோய் என்றால் சானடோரியம். ஊருக்கு வெளியே, காற்றோட்டமாக, முட்டை பாலோடு மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரம் சானடோரியம் என்று மின்சார ரயில் நிலையத்துக்கே பெயர் நிலைத்திருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால் இந்தியாவின் காசநோயாளிகளுக்குப் படுக்கை எங்கே போவது? வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் போதுமா? ஒண்டுக் குடித்தனம், அரைவயிற்றுக் கஞ்சி, ஒரே அறையில் குழந்தைகள். ஆகாது என்றார்கள் பெரும்பாலானவர்கள். ஆனால் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

1956-ல் மாநில அரசு, ஐசிஎம்ஆர், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து சென்னையில் ஒரு ஆய்வு மையம் தொடங்கின. தலைமை பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கலில் பிரித்தார்கள்: ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி வீட்டுக்கு. இருவருக்கும் அதே மாத்திரைகள், ஒரு வருடம். வீட்டில் இருப்பவர் நிஜமாகவே விழுங்குகிறாரா என்று பார்க்கச் சிறுநீரைச் சோதித்தார்கள், வீட்டுக்கே போய் மாத்திரையை எண்ணினார்கள்.

1959-ல் முடிவு வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியிருந்தது, சாப்பாடு அப்படி. ஆனால் நோய் குணமானதில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். எல்லாரும் பயந்த இன்னொன்றும் நடக்கவில்லை: வீட்டில் வைத்துப் பார்த்தவர்களின் குடும்பத்தாருக்கு, ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தும், நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடத் தொடங்கியதற்கு இந்தச் சோதனை ஒரு பெரிய காரணம். அந்த மையம் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

இதற்குப் பத்து வருடம் முன் லண்டனை மையமாக வைத்து நடந்த, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் சோதனையையும் சொல்ல வேண்டும். நவீன குலுக்கல் சோதனைகளுக்கெல்லாம் முன்னோடி. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தது 4 பேர், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். மருந்து எல்லாருக்கும் போதாத நாட்டில் குலுக்கல்தான் நியாயமான பங்கீடு என்ற வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் ஓய்வு மட்டும் பெற்றவர்களுக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்பதே தெரியாது. இன்று அதற்கு அனுமதி கிடைப்பது கஷ்டம்.

யார் கையெழுத்து?

விவரம் அறிந்த ஒப்புதல் என்றால் என்ன நடக்கும், என்ன ஆபத்து, சேராவிட்டால் வேறு என்ன வழி என்பதைத் தன் மொழியில் கேட்டுப் புரிந்துகொண்டு, கட்டாயமின்றிச் சொல்லும் சம்மதம். கையெழுத்து அதன் கடைசிச் சடங்கு மட்டும்.

அந்தச் சடங்கு மட்டும் நடந்த கதையும் இங்கே உண்டு. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைச் செயல்விளக்கத் திட்டம் என்ற பெயரில் போட்டார்கள். பலர் பழங்குடிச் சிறுமிகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர் கையெழுத்து. சில சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது விசாரணை. அந்த ஊசி நல்ல ஊசிதான். ஆனால் 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு ஒப்புதல் வாங்கிய விதத்தைக் கடுமையாகச் சாடியது. நல்ல மருந்து என்பதால் கேட்காமல் கொடுக்கும் உரிமை வந்துவிடாது.

அதன் பிறகு விதிகள் இறுகின. 2019-ல் வந்த புதிய மருந்து மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, எந்தச் சோதனைக்கும் முன் ஒரு நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும். குறைந்தது ஏழு பேர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் சாராத சாதாரணக் குடிமகன் ஒருவர், பெண் ஒருவராவது. பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சாராதவர்கள். சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். ஒவ்வொரு சோதனையையும் ஐசிஎம்ஆர் நடத்தும் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். 2009-லிருந்து இது கட்டாயம். முடிவு பிடிக்கவில்லை என்று பிறகு ஒளித்துவைக்க முடியாமல் செய்வதற்கு அது ஒரு வழி. காகிதத்தில் இருப்பதெல்லாம் எல்லா ஊரிலும் நடக்கிறதா என்று கேட்டால் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பதினெட்டுப் பக்கம்

போன் வந்த வாரம் பெரியம்மாவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். படிவம் தமிழில்தான் இருந்தது, பதினெட்டுப் பக்கம். "இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள சுகர் தானா எறங்கிரும்" என்றார். ஆனால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு டாக்டரிடம் கேட்டார்.

"இப்ப சாப்பிடுற மாத்திரைய நிறுத்திருவீங்களா?"

"இல்லம்மா. அது எல்லாருக்கும் அப்படியே தொடரும். அதுக்கு மேல புதுசு ஒண்ணு, இல்லேன்னா மருந்தில்லாத மாத்திரை ஒண்ணு சேரும்."

"எனக்கு எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாதும்மா. குலுக்கல்தான்."

"பாதியில வேணாம்னு தோணுச்சுன்னா?"

"அன்னைக்கே விட்டுரலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். வழக்கம்போல நான்தான் பாப்பேன்."

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று நாள் கழித்து மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எலி விஷயம் அதில் வரவே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வர வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும், முழங்கால் ஒத்துழைக்காது.

அடுத்த மாதம் வழக்கமான மாத்திரைக்கு அதே டாக்டரிடம் போனார். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது, "அந்தப் புது மாத்திரை நல்லா கேக்குதா டாக்டர்?" என்றாராம்.

"இன்னும் தெரியாதும்மா" என்றாராம் அவர்.